கால் மில்லிமீட்டர்

மிசிசாகா நகரத்தின் கிழக்கு எல்லையில், ஒண்டாரியோ ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இன்று அது கலைக்கூடம். கண்காட்சியும் சந்தையும் நடக்கும் இடம். இரண்டாம் உலகப் போரின்போது அது ஆயுதப் பரிசோதனைக் கூடம். 1940இல் கனடா அரசு இங்கே ‘ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பிரிட்டிஷ் படைக்கான லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிளைச் செய்ய முனைந்தது. 1941இல் முதல் ரைபிள்கள் வெளிவந்தன. பக்கத்துச் சிற்றூரின் பெயரை எடுத்து அவற்றில் ‘லாங் பிராஞ்ச்’ என்று முத்திரை குத்தினார்கள். உற்பத்தி அடங்குவதற்குள் ஏறத்தாழ 9 லட்சம் ரைபிள்கள் இங்கிருந்து போயின. அவற்றைச் செய்தவர்களில் பெரும்பங்கினர் பெண்கள். பட்டறைகளை இடித்துவிட்டார்கள். பரிசோதனைக் கூடமும் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் மட்டும் மிச்சம்.

என்னை அங்கே கூட்டிப்போனவர் யாழ்ப்பாணத்துக்காரர். மிசிசாகாவில் இயந்திரப் பட்டறை ஒன்றில் தரப் பரிசோதகர். “இந்தக் கட்டடத்தக் கடந்துதான் அண்ணை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறன். உள்ளுக்க துவக்குச் செய்தவங்கள் எண்டு தெரியாது” என்றார். துவக்கு என்ற பேச்செடுத்தாலே முகம் மாறிவிடும் மனிதர் அவர். அதற்கான காரணங்களை நான் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. கேஜ், மைக்ரோமீட்டர் என்று அளவுக் கருவிகள் பக்கம் பேச்சு திரும்பினால் மட்டும் அவர் கண்ணில் வெளிச்சம் வரும். கோவையில் டூல் ரூமில் காலம் கழித்தவன் நான். எங்கள் நட்பே அந்த வெளிச்சத்தில் வளர்ந்ததுதான்.

லீ-என்ஃபீல்டை அறியாத தமிழர் குறைவு. பெயர்தான் தெரிந்திருக்காது. நம்மூர்க் காவலர்கள் நெடுங்காலம் தோளில் தூக்கி நின்ற ‘த்ரீ நாட் த்ரீ’ அதுதான். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை பல்லாண்டு அதைச் செய்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடைகொடுத்தது. ஆனால் இஷாப்பூர் செய்தது 1907இல் வந்த மூத்த வடிவம். நம்பர் 4 என்ற இளைய வடிவத்துக்கு இஷாப்பூர் மாறவே இல்லை. இரண்டும் ஒரே தோட்டாவைச் சுடும், பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும். ஆனால் ஒன்றின் போல்ட்டை, அதாவது தோட்டாவை அடைக்கும் தாழை, மற்றதில் போட முடியாது.

ஒரே வடிவத்துக்குள்ளாவது பாகங்கள் மாறிப் பொருந்துமா என்பதுதான் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்த கேள்வி. உலகப் போரின்போது நம்பர் 4 ரைபிளை பிரிட்டனில் மூன்று தொழிற்சாலைகள், அமெரிக்காவில் சாவேஜ், கனடாவில் லாங் பிராஞ்ச் என ஐந்து இடங்களில் செய்தார்கள். பர்மாவில் உடைந்த ஒரு ரைபிளுக்கு மாசசூசெட்ஸில் செய்த பாகம் பொருந்த வேண்டும். இந்த ஆசை பழையது. 1850களில் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை, அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வரவழைத்தது. அவற்றை நடத்தத் தெரிந்த ஜேம்ஸ் பர்ட்டனையும் அங்கிருந்தே அழைத்தது. அதுவரை இங்கிலாந்தில் துப்பாக்கி என்றால் அரத்தால் ராவி ராவி ஒன்றோடு ஒன்றைப் பொருத்தியதுதான். ஒரு துப்பாக்கியின் திருகாணி பக்கத்துத் துப்பாக்கியில் ஏறாது. புதிய இயந்திரங்களில் முதலில் பெருவாரியாகப் பிறந்தது 1853 மாதிரி என்ஃபீல்டு. அதன் கொழுப்புத் தடவிய தோட்டாவால் 1857இல் இந்தியாவில் நேர்ந்ததை நம் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. மாற்றிப் போடக்கூடிய பாகங்களோடு என்ஃபீல்டில் செய்த துப்பாக்கி அது என்பதை அவை சொல்வதில்லை.

பரிசோதனைக் கூடத்தின் உயரமான ஜன்னல்களுக்கு அடியில் நின்றபோது, மேசைகளின் முன் வரிசையாக அமர்ந்திருந்த பெண்களை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு கேஜ். ஒரு பாகம் நல்லதா கெட்டதா என்று சொல்ல அவளுக்கு எண்கூடத் தேவையில்லை. ‘கோ’ பக்கம் நுழைய வேண்டும், ‘நோ-கோ’ பக்கம் நுழையக் கூடாது. கோவையில் பதினேழு வயதுப் பையன் எதைக் கற்றுக்கொண்டு தொழிலுக்குள் நுழைகிறானோ அதையேதான் அந்தப் பெண்களும் செய்தார்கள். அவர்கள் பெயர்கள் சுவரில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ். 1973இல் கால்ட், ப்ரெஸ்டன், ஹெஸ்பெலர் ஆகிய ஊர்களைச் சேர்த்து உண்டாக்கிய நகரம் இது. கால்ட் பகுதியில் கிராண்ட் ஆறு கல் கட்டடங்களுக்கு நடுவே ஓடுகிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த கொத்தர்கள் எழுப்பிய ஊர் என்பது பார்த்ததும் தெரிகிறது. 1831இல் ஸ்காட்லாந்தின் ஹாயிக்கில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, சிறுவனாகப் பெற்றோருடன் இங்கே வந்தார். அப்பா கடிகாரக்காரர், மகனும் அந்தத் தொழிலையே கற்றார். லீ-என்ஃபீல்டில் உள்ள ‘லீ’ இவர்தான். போல்ட்டும் தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் இவருடைய சிந்தனை. குழலின் உள்வரிகள் மட்டுமே என்ஃபீல்டு தந்தது. கடிகாரத்தில் சக்கரத்தின் அச்சு எவ்வளவு ஆட வேண்டும், எவ்வளவு ஆடக் கூடாது என்று இளமையில் பழகிய கை அவருடையது. அந்தப் பழக்கம் ரைபிளில் தெரிகிறது என்று நம்புகிறேன்.

பக்கத்தில் கிச்னர். அங்கே கோல்ட் கனடா தொழிற்சாலை இருக்கிறது. லீ வளர்ந்த ஊருக்கு அருகிலேயே, லீயின் ரைபிளுக்கு ஓய்வு கொடுத்த ரைபிள் பிறந்தது. கனடாவின் வடகோடியில் ரேஞ்சர்கள் என்ற படைப்பிரிவு 1947 முதல் காவல் காக்கிறது. இனுயிட் மக்கள் உள்பட அந்தந்த ஊர்க்காரர்களே அதன் வீரர்கள். சிவப்பு மேலாடை அணிந்து, பனியில் சுற்றி வருபவர்கள். துருவக் கரடி எதிர்ப்படும் இடம் என்பதால் ரைபிள் இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது. எழுபது ஆண்டுகள் அவர்கள் கையில் இருந்தது நம்பர் 4. கடுங்குளிரில் மற்ற ஆயுதங்கள் இறுகிப்போகும்போதும் அது வேலை செய்தது. அதை விலக்கக் காரணம், சுடுவதில் வந்த குறை அன்று. மாற்றுப் பாகங்கள் தீர்ந்துபோனதுதான். 2018 முதல் பின்லாந்தின் டிக்கா வடிவத்தைத் தழுவி கிச்னரில் செய்த சி19 ரைபிள், சிவப்புக் கட்டையோடு அவர்களுக்குப் போனது. அதுவும் போல்ட் ரைபிளேதான். ‘பாகங்கள் தீர்ந்துபோயின’ என்ற காரணத்தின் முழுப் பொருள், அன்று மாலை நாங்கள் போன பட்டறையில்தான் எனக்கு விளங்கியது.

சேத்தம் ஊருக்கு இப்பால், அறுவடை முடியாத சோள வயல்களுக்கு நடுவே ஒரு துப்பாக்கிச் சீரமைப்பாளரின் பட்டறை. வயதானவர், குறைவாகப் பேசுபவர். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். ரைபிளைக் கொண்டுவந்திருந்த விவசாயியின் உரிமத்தை வாங்கிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் பெரியவர் வேலையைத் தொட்டார். நாங்கள் பார்வையாளர்கள், ஓர் அடி தள்ளி நின்றோம்.

ரைபிள் 1943இல் செய்த லாங் பிராஞ்ச். தாத்தா வாங்கியது. வடக்கே மூஸ் வேட்டைக்கு மூன்று தலைமுறையாகப் போய்வருகிறது. போருக்குப் பின் உபரி ரைபிள்கள் மலிவாகக் கிடைத்தபோது எல்லோரும் செய்ததைத் தாத்தாவும் செய்திருந்தார்: எடை குறையட்டும் என்று குழலின் கீழுள்ள முன்கட்டையைப் பாதியில் அறுத்துவிட்டார். பேரனுக்கு முழுக் கட்டையும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வீடு மாறியபோது போல்ட் தொலைந்துவிட்டது. வேறொரு போல்ட்டை எங்கோ வாங்கி வந்திருந்தார். சாவேஜ் செய்தது, எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காதது.

“புதுசுதானே, உள்ளே போகுது, மூடுது. அப்புறம் என்ன?” என்றார் விவசாயி.

பெரியவர் போல்ட்டைக் கையில் வாங்கி, கைப்பிடியின் பின்பக்கத்தைக் காட்டினார். வெறுமையாக இருந்தது. ரைபிளின் உடலில் உள்ள வரிசை எண்ணை அங்கே வெட்டியிருக்க வேண்டும். அந்த எண் அடையாளத்துக்கு மட்டும் இல்லை. இந்த உடலுக்கு இந்தப் போல்ட் என்று ஒரு கை பார்த்துப் பொருத்தியது என்பதற்கான சாட்சி. திருகாணி, சுருள்வில், பட்டி எல்லாம் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். போல்ட்டை மாற்றுவது படையில் ஆர்மரர் எனப்படும் ஆயுதப் பழுதுபார்ப்பவரின் வேலையாகவே இருந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். போல்ட் ரைபிளில் போல்ட் என்பது கதவின் தாழ்ப்பாள் மாதிரி: முன்னே தள்ளித் திருப்பினால் தோட்டாவின் பின்பக்கம் அடைபடும். வெடிக்கும்போது அந்தத் தாழை இழுத்துப் பிடிப்பவை இரண்டு முனைகள். அவற்றுக்கு லக் என்று பெயர். மவுசர் போன்ற ரைபிள்களில் லக் போல்ட்டின் முன்னால் இருக்கும். லீ அவற்றைப் பின்னால் வைத்தார். அதனால் போல்ட் குறைந்த தூரம் நகர்ந்தால் போதும். கை வேகமாக ஓடும். பதிலுக்கு ஒரு விலை உண்டு. இரண்டு லக்கும் உடலில் ஒரே சமயத்தில் பதிந்து நிற்க வேண்டும். ஒன்று மட்டும் பதிந்தால் அத்தனை அதிர்ச்சியும் ஒரு பக்கமாக இறங்கும்.

பெரியவர் முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, உடலின் உட்புறம் போல்ட் ஓடும் தண்டவாளத்தைப் பார்த்தார். போர்க்காலத்தில் வேலையைச் சுருக்க லாங் பிராஞ்சும் சாவேஜும் ஒரு மாற்றம் செய்தன: போல்ட்டைக் கழற்ற இருந்த சிறு பிடியை நீக்கிவிட்டு, தண்டவாளத்தில் ஒரு வெட்டு விட்டன. நாளாவட்டத்தில் அந்த வெட்டின் முனை சிதையும். சிதைந்தால் மாற்ற முடியாது. அது உடலோடு ஒன்றானது. இந்த ரைபிளில் முனை கூர்மையாக இருந்தது. பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு லக்குகளில் மெல்லிதாக நீலச் சாயம் தடவி, போல்ட்டை மூடித் திறந்தார். வலது பக்கம் சாயம் அழிந்திருந்தது. இடது பக்கம் அப்படியே. ஒரு லக் மட்டுமே வேலை செய்கிறது. மெழுகுபோல் வழவழத்த ஒரு சாணைக்கல்லை எண்ணெயில் தோய்த்து வலது லக்கில் சில முறை இழுத்தார். துடைத்தார், மீண்டும் சாயம், மீண்டும் மூடித் திறப்பு. மேல்தோல் மட்டும் கெட்டிப்படுத்திய எஃகு அது. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலும் கெட்டியான தோல் போய்விடும். அவசரப்படுத்த விவசாயிக்கும் மனம் வரவில்லை. நானும் நண்பரும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுநேரம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே அளவில் சாயம் அழிந்தது.

இனித்தான் இந்த ரைபிளின் தனிச்சிறப்பு. நம்பர் 4 போல்ட்டின் முன்முனை தனிப் பாகம். போல்ட் ஹெட் என்று பெயர், திருகிக் கழற்றலாம். 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகளில் அதைச் செய்தார்கள். எண் ஏற ஏற, அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு என்ற கணக்கில் நீளம் கூடும். லக்குகள் தேயத் தேய போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி வளரும். அப்போது ஆர்மரர் குழலைக் கழற்ற வேண்டாம், உடலைத் தொட வேண்டாம். நீளமான ஹெட் ஒன்றைத் திருகினால் போதும். உலகப் போரில் லட்சக்கணக்கான ரைபிள்களைக் கொட்டகைகளில் வைத்துப் பழுதுபார்க்க வேண்டியவர்களுக்கு இதைவிடப் பெரிய கொடை இருக்க முடியாது.

இடைவெளியை அளக்க இரண்டு எஃகு வில்லைகள். .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் குழலின் பின்வாயில் தங்கும். விளிம்பு அதிகபட்சம் 0.064 அங்குலம் இருக்கலாம். ஆகவே 0.064 வில்லையை வைத்தால் போல்ட் மூட வேண்டும். 0.074 வில்லையை வைத்தால் மூடக் கூடாது. இரண்டுக்கும் இடையே அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு. நம் கணக்கில் கால் மில்லிமீட்டர். அதற்குள் ரைபிள் இருந்தால் நலம். அதைத் தாண்டினால், வெடிக்கும்போது பித்தளைக் கூடு பின்னால் இழுபட்டு, அடிப்பக்கம் பிய்ந்துகொள்ளும். சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

பெரியவர் 0 ஹெட்டைப் போட்டு 0.074 வில்லையை வைத்து, விரல் நுனியால் கைப்பிடியைத் தட்டினார். முழுவதும் மூடிக்கொண்டது. “புதுசு, மூடுது” என்று விவசாயி சொன்னது இதைத்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது. 1 போட்டபோது கைப்பிடி கடைசி வரை போகாவிட்டாலும் பெரியவருக்குத் திருப்தியில்லை. மர இழுப்பறையைத் திறந்தார். உள்ளே போல்ட் ஹெட்டுகள், ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றியவை. 2 என்று எழுதியவை சில. 3 ஒன்றே ஒன்று. அதைத் தொடவில்லை. எங்கு தேடினாலும் அரிதாகிவிட்டது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது என்றார். ரேஞ்சர்களுக்குப் பாகங்கள் தீர்ந்துபோனதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிடங்கில் பாகம் இருப்பது மட்டும் போதாது. நான்கு அளவிலும் வேண்டும். எது எந்த ரைபிளுக்கு என்று தேர்ந்து சொல்ல நீலச் சாயம் பூசிய விரல்களும் வேண்டும். பாகத்தோடு சேர்ந்து இந்த விரல்களும் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன.

அந்த நேரத்தில் நண்பர் முன்னே வந்தார். “துவக்கத் தொடமாட்டன். அந்தச் சின்னதுகளத் தாங்கோ, அளந்து தாறன்” என்று என்னிடம் சொன்னார். நான் ஆங்கிலத்தில் பெரியவரிடம் சொன்னேன். பெரியவர் மறுபேச்சில்லாமல் மைக்ரோமீட்டரை நீட்டினார். நண்பர் 2 என்று எழுதிய ஒவ்வொன்றையும் துடைத்து அளந்தார். எல்லாவற்றிலும் ஒரே எண் பொறித்திருந்தாலும் அளவுகள் ஒன்றுபோல் இல்லை. இரண்டுக்கு நடுவே ஆயிரத்தில் மூன்று பங்கு வேறுபாடு. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்பதைப் பொறுத்து வேறுபடும் என்று பெரியவர் சொன்னார். நண்பர் நடுவிலிருந்த அளவைத் தேர்ந்து மேசையில் தனியே வைத்தார்.

அதுதான் பொருந்தியது. 0.064இல் கைப்பிடி தன் எடையிலேயே கீழே இறங்கியது. 0.074இல் பாதியில் நின்றது. ஹெட்டைத் திருகும்போது அது போல்ட்டின் லக்கோடு நேர்கோட்டில் நிற்கிறதா, அளவுக்கு மேல் திரும்பிவிடுகிறதா என்றும் பெரியவர் பார்த்தார். அதிகம் திரும்பினால் புரி தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபைரிங் பின்னின் முனை வெளியே நீள்வது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறதா என்ற சோதனை. இவை முடிந்த பிறகே விவசாயியைப் பார்த்துச் சிரித்தார்.

கட்டையைப் பொருத்துவதை முழுவதும் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. கண்டவரையில் அது எஃகு வேலையைவிடக் கடினம். உடலின் பின்பக்கம் உதையைத் தாங்கும் இரண்டு தோள்கள் மரத்தில் இறுகப் படிய வேண்டும்; படியாவிட்டால் சில பத்துச் சுடுகளில் மரம் பிளக்கும். முன்முனையில் மரம் குழலை இரண்டு முதல் ஏழு பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்க வேண்டும். மரத்தை எந்த கேஜும் அளந்து முடிக்காது. பழைய கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஊட்டி, வெயிலில் வைத்து, தோளில் சாயம் தடவி, உளியால் காகித அளவு சீவி, மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு வாரமாகும் என்றார் பெரியவர். எண்களால் ஐந்து தொழிற்சாலைகளைக் கட்டி ஆண்ட இந்த ரைபிள், போல்ட்டிலும் மரத்திலும் மட்டும் மனிதனுக்கு இடம் விட்டுவைத்திருக்கிறது. வடிவமைத்தவர்களின் தோல்வியாக இதை நான் பார்க்கவில்லை. தேய்மானம் வரும், தொழிற்சாலைகள் மாறும் என்பதை முன்பே எண்ணி, ஒரு தேர்வைக் கடைசி ஆளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கோவையில் பம்பு பாகங்களுக்கு நாங்கள் கேஜ் செய்தபோது இப்படி யாரும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் எத்தனையோ பம்புகளைத் தூக்கி எறியாமல் ஓட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை வாலஸ்பர்க். சிடனம் ஆற்றங்கரையில் அமைதியான ஊர். லீயின் சகோதரர் ஜான் இங்கே இருந்தார். 1870களின் கடைசியில் லீ இங்கே தங்கி, போல்ட்டுக்குக் கீழே மாட்டும் பெட்டி மேகசினைச் சோதித்தார். 1879இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஊர் அருங்காட்சியகம் அந்த நினைவைப் போற்றுகிறது.

அந்த மேகசினை லீ கழற்றி மாட்டும்படிதான் செய்தார். ஒன்று காலியானால் இன்னொன்றைச் சொருகலாம். பிரிட்டிஷ் படையோ வீரன் தொலைத்துவிடுவான் என்று அஞ்சி, தொடக்கத்தில் அதைச் சங்கிலியால் ரைபிளோடு பிணைத்தது. பின்னால் சங்கிலி போன பிறகும் ஒரு ரைபிளுக்கு ஒரு மேகசின்தான். அதன் விளைவாக மேகசின்களும் அந்தந்த ரைபிளுக்குப் பழகின. வாயிதழ்களைக் குறடால் சற்றே வளைத்துத்தான் ஒவ்வொன்றையும் பொருத்த வேண்டியிருக்கிறது. மேகசின் இல்லாமல் ரைபிளைக் கொண்டுவந்திருந்த விவசாயியிடம் முந்தைய மாலை விடைபெறும்போது பெரியவர் சொல்லியனுப்பியதும் இதைத்தான்: “புது மேகசின் வாங்காதீர்கள். தாத்தாவுடையது வீட்டில் எங்கேயாவது இருக்கும். தேடிக் கொண்டுவாருங்கள். அதைச் சரிசெய்து தருகிறேன்.”